திருகின் மேல் ஒரு சிவப்புக் கோடு

ஹெட்விக் லூயர்ஸ் யாரையும் காரணமில்லாமல் சந்தேகப்பட மாட்டாள். முதலில் சந்தேகப்படுவாள், அன்று சாயங்காலத்துக்குள் காரணம் கிடைத்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டடத்தில், தரைத்தளத்து ஆய்வுக்கூடத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் பக்கத்து அறையில் பேராசிரியர் ஓல்ட்மான்ஸின் செயலாளர். வருஷக்கணக்காக ஒரே மேசையில் காபி குடித்தும் நாங்கள் ஒருவரையொருவர் 'ஃப்ராவ் லூயர்ஸ்', 'ஃப்ராவ் டிர்க்ஸ்', 'நீங்கள்' என்று, திருமதி போட்டுத்தான் பேசிக்கொண்டோம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் அது விரோதமில்லை, ஒழுங்கு.

அவள் கணவன் ஹைனர் தரைவிரிப்பு விற்பவன். வாரம் முழுக்க காரில் ஊர் ஊராகப் போவான். ஒரு குளிர்காலத்தில் அவன் காரின் பின்சீட்டில் ஒரு சின்னக் கம்பளிக் கையுறை கிடந்தது. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. ஹெட்விக் ஒன்றும் கேட்கவில்லை. கையுறையைத் துவைத்துக் காயவைத்து, அவன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலாக வைத்து அனுப்பினாள். அந்த வாரக் கடைசியில் அவன் வீடு திரும்பவில்லை.

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "துவைச்சுக் குடுத்தா என்னன்னு சொல்லுவான்?"

அதிலிருந்து அவள் எதையும் நேராகக் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவள் பொறுப்பில் இருந்த இயந்திரம் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் கைகோத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டு, அந்த ஜோடியை நீண்ட குழாய் வழியாக ஒரு நிக்கல் படிகத்தின் மேல் ஏவுவார்கள். நேராக மோதுவதில்லை, முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். குளத்துத் தண்ணீர் மேல் தட்டைக்கல்லை விட்டெறிந்தால் தத்திப் போகுமே, அப்படி. சில ஜோடிகள் முழுசாக மறுபக்கம் வந்து சேரும். சில வழியிலேயே பிரிந்து தனித்தனி ஆகிவிடும். எவ்வளவு பங்கு தப்பித்தது என்று பார்த்தால், பிரிய எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் போடலாம். ஒரு விநாடியைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடித் துண்டாக்கினால் வருகிற நேரம் இருக்கிறதே, அதில் ஒரு சிலவற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஓல்ட்மான்ஸ் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஹைனர் இதைவிட மெதுவாத்தான் போனான்" என்பாள் ஹெட்விக்.

எல்லாம் உரசுகிற கோணத்தைப் பொறுத்தது. மயிரிழை நிமிர்ந்தாலும் அடி பலமாக விழும், அதிக ஜோடிகள் பிரியும். கோணத்தை மாற்றப் பித்தளைத் தலை வைத்த ஒரு திருகு இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தடவை கோணத்தைச் சரிபார்த்துவிட்டு, வாரம் முழுக்க அந்தத் திருகின் அளவையே நம்புவது வழக்கம். திருகைத் தொடும் உரிமை ஹெட்விக்குடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷ இலையுதிர்காலத்தில் ஃபால்கோ பென்னவிட்ஸ் வந்தார். கிழக்கு ஜெர்மனியில் லைப்சிக்காரர். பெர்லின் சுவர் விழுந்த பிறகு அவருடைய ஆய்வுநிலையத்தை மூடிவிட்டார்கள். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கேயே இருந்தார்கள். இவர் மட்டும் மாணவர் விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இங்கே. ஒப்பந்தம் மார்ச் வரைதான். நீட்டித்தால் குடும்பம் வரும். இல்லாவிட்டால் இவர் திரும்பிப் போக வேண்டும், போகிற இடத்தில் வேலை கிடையாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் கொண்டுவந்த கணக்கிடும் பெட்டிகளுக்கு இடம் பண்ணுவதற்காக இயந்திரத்தை ஜன்னல் பக்கமாக நகர்த்தினார்கள். அங்கே தரை கொஞ்சம் பள்ளம். படிகம் இருந்த பெட்டியின் ஒரு காலுக்குத் தடித்த பிளாஸ்டிக் கட்டையை முட்டுக் கொடுத்து மட்டம் பார்த்தார்கள்.

காலையில் ஹெட்விக் அளப்பாள், மதியத்துக்கு மேல் ஃபால்கோ. டிசம்பரில் ஆரம்பித்தது வினை. சாயங்காலம் ஃபால்கோ அளந்தால் நிறைய ஜோடிகள் தப்பிக்கும். அவர் தாளில் போட்டு வைத்திருந்த கணக்கோடு அழகாகப் பொருந்தும். காலையில் ஹெட்விக் அளந்தால் கணிசமாகக் குறையும். இத்தனைக்கும் அதே படிகம், அதே திருகு.

"மூலக்கூறுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று காபி மேசையில் என் காதருகே கேட்டாள். "சாயங்காலம் மட்டும் அவர் கணக்குக்கு ஏத்த மாதிரி நடக்குதே, எப்படி?"

"கருவியில ஏதாவது கோளாறா இருக்கும்."

"கருவி மாறல, ஃப்ராவ் டிர்க்ஸ். ஆள்தான் மாறியிருக்கு."

அப்போதுதான் ஃபால்கோ கோப்பையோடு உள்ளே வந்தார். ஹெட்விக் குரலை மாற்றி, தேன் தடவினாள். "டாக்டர் பென்னவிட்ஸ், உங்க ஊர்ல வாழைப்பழமே கிடைக்காதாமே?"

"கிடைக்கும், ஃப்ராவ் லூயர்ஸ். ஆனா தோலை உரிக்கறதுக்கு முன்னாடி உளவுத்துறைக்குச் சொல்லணும்."

நான் சிரித்துவிட்டேன். ஹெட்விக் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு எழுதிக் குடுத்தவங்க யாரோ? சாப்பிட்டவங்க யாரோ?" என்றாள்.

ஃபால்கோ கோப்பையைக் கீழே வைத்தார். "நான் சாப்பிட்டவன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையின் கோப்புகளை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். யார் யாரைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள் என்று தினமும் பத்திரிகையில் ஒரு பெயர் வந்தது. கட்டடத்தில் ஃபால்கோவின் லைப்சிக் பக்கத்து சாக்சன் உச்சரிப்பைக் கேட்டாலே சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் மனதில் ஒரு மூலையில் அரித்தது. அவர் என் மேசையருகே வந்தால், கையில் இருக்கும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதில் எழுதுபொருள் அலமாரிக்கு வேண்டிய உறைகளின் பட்டியலைத் தவிர ஒன்றும் இருக்காது.

சனவரியில் ஒருநாள் ஹெட்விக் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்க கிட்ட நெயில் பாலிஷ் இருக்கா?"

அவள் விரல்களைப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். ஆயுளில் பூசியிருக்க மாட்டாள். "என்ன விசேஷம்? யாராவது டின்னருக்குக் கூப்பிட்டிருக்காங்களா?"

"என்னையா? கூப்பிட்டா நான் எதுக்குக் கூப்பிடறான்னு யோசிப்பேன். குடுங்க."

கைப்பையிலிருந்த சிவப்புப் புட்டியைக் கொடுத்தேன். திருகின் தலையிலிருந்து அது பதிந்திருக்கும் தட்டு வரைக்கும் குறுக்காக ஒரு மெல்லிய கோடு போட்டாள். யாராவது திருகைத் தொட்டால் கோடு விரிசல் விடும். மறுநாள் காலை வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. அன்றைக்கும் ஜோடிகள் அதிகமாகத்தான் உடைந்தன.

சந்தேகம் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஹெட்விக் என்னிடம் வந்து, "அந்தப் புட்டிய எங்க வைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பையில."

"மதியம் சாப்பிடப் போகும்போது பை எங்க இருக்கும்?"

"நாற்காலியில. ஃப்ராவ் லூயர்ஸ், என்ன சொல்ல வர்றீங்க? அவர் என் பையிலேருந்து நெயில் பாலிஷ எடுத்து, பழசைச் சுரண்டிட்டுப் புதுசாப் பூசினார்னா?"

"அளவு குறைஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. சந்தேகத்தோடு பார்த்தால் எந்தப் புட்டியும் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரியில் உணவகத்தில் கீரையும் தொத்திறைச்சியும் போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெட்விக் சாப்பிடப் போகாமல் ஓல்ட்மான்ஸின் அறைக்குள் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. நான் கேட்க வேண்டும் என்றுதான் சாத்தவில்லை என்று நினைக்கிறேன்.

"காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல யாரோ கோணத்த மாத்தறாங்க, பேராசிரியர். அது நான் இல்ல."

"பென்னவிட்ஸ்ங்கறீங்களா?"

"நான் பேர் சொல்லல. சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

ஓல்ட்மான்ஸ் வட ஜெர்மனிக்காரர், வாயைத் திறக்கவே யோசிப்பவர். நெடுநேரம் மேசை விளக்கின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "வெள்ளிக்கிழமை அவர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும்" என்றார். "ஆள் மேல இப்படி ஒரு கேள்வி இருக்கும்போது என்னால போட முடியாது. யார் கை வெச்ச எண்ணுன்னு தெரியாம நான் கட்டுரை எழுத மாட்டேன்."

ஹெட்விக் வெளியே வந்தாள். ஜெயித்த முகமாக இல்லை. என் மேசையைத் தாண்டும்போது, "சொல்ல வேண்டியத சொன்னேன்" என்றாள், நான் ஏதோ கேட்ட மாதிரி.

விஷயம் அன்று மாலையே ஃபால்கோவுக்குத் தெரிந்துவிட்டது. ஓல்ட்மான்ஸே கூப்பிட்டுச் சொன்னார், அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். ஃபால்கோ என் அறைக்கு வந்து நின்றார். காகிதத்தைக் கவிழ்க்கப் போன என் கை பாதியில் நின்றது.

"அந்தச் சிவப்புக் கோட்ட நான் முதல் நாளே பாத்துட்டேன்" என்றார். "லைப்சிக்ல அலமாரிக் கதவுல நூல் கட்டி வைப்பாங்க. இங்க நெயில் பாலிஷ். வசதியான நாடு."

அது யாருடைய நெயில் பாலிஷ் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் நகங்களில் அதே சிவப்பு.

"நான் தொடல, ஃப்ராவ் டிர்க்ஸ். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சாயங்காலம் எல்லாம் சரியா வருது. காலையிலதான் தப்பா வருது. காலையில அந்த ரூம்ல யார் இருக்கா? அவங்க ஒருத்தர்தான். கோடு போட்டவங்களுக்கு, அதே கோட்ட அழிச்சுட்டு மறுபடி போடவும் தெரியும்."

"அவங்க எதுக்கு அப்படிப் பண்ணணும்?"

"நான் போகணும்னு. என் பெட்டிங்க வந்ததிலேருந்து அவங்க ரூம் அவங்க ரூமா இல்ல. லைப்சிக்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார், என் மேசைக்கு எதிர் மேசை. பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவார். கோப்பப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சது, எங்க வீட்டுல எந்த ரேடியோ கேப்போம்னு அவர்தான் எழுதிக்குடுத்திருக்கார்." என் மேசை மேலிருந்த போனைப் பார்த்தார். "என் மனைவி போன்ல தினமும் கேக்கறா, பள்ளிக்கூடத்துல சொல்லிடவா, டி.சி. வாங்கிடவான்னு. நான் என்ன சொல்ல?"

நான் ஓல்ட்மான்ஸிடம் போய், இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து அளக்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "நீங்க சாட்சியா உக்காருங்க" என்றார். எதற்கு வாயைக் கொடுத்தோம் என்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை வெளியே பனி உறைந்து, சைக்கிள் சீட்டுகளெல்லாம் வெள்ளையாக நின்றன. மூன்று பேரும் ஒன்றாகக் கதவைத் திறந்து உள்ளே போனோம். யாரும் யாரையும் முன்னால் விடவில்லை. ஹெட்விக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஹீட்டரைத் திருகி அணைத்தாள். ஒரு ஜன்னலை விரியத் திறந்தாள். ஃபால்கோ போய் மற்றொரு ஜன்னலைத் திறந்தார். பூட்டிக் கிடந்த அறையின் எண்ணெய் வாசனை வெளியே போக, குளிர் உள்ளே வந்து கணுக்காலைப் பிடித்தது. தினமும் காலையில் நாங்கள் எல்லோரும் வீட்டிலும் இதையேதான் செய்கிறோம். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். திறக்காதவள் வீட்டில் சுவர் பூஞ்சை பிடிக்கும், மாமியார் மூக்கைச் சுளிப்பாள். நான் என் கோட்டைக் கழற்றாமலே ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு ஜோடிக் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல்களைச் சாத்தி, ஹீட்டரைத் திரும்பப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். ஹெட்விக் பூதக்கண்ணாடியை ஃபால்கோவிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க."

"கோடு சரியாத்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க. அப்புறம் நான்தான்னு சொல்லக்கூடாது."

"நீங்களும் பாருங்க. அப்புறம் நான்தான்னு சொல்லக்கூடாது."

பம்ப் முனகியது. எண்கள் ஏறின. ஹெட்விக் வாசித்தாள், ஃபால்கோ வாசித்தார். உடைந்தவை அதிகம், தப்பியவை குறைவு. வழக்கமான காலை எண்தான்.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, பாவம், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நான் முக்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல" என்றேன்.

"எதுக்குக் கோட்டக் கழட்டல?" என்றாள் ஹெட்விக். அவள் குரலில் அந்தப் பழைய நயம் வந்துவிட்டது. கோட்டுக்குள் நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்றே நினைத்துவிட்டாள்!

"குளிருது, அதான் கழட்டல. ரெண்டு ஜன்னலையும் இப்படித் தெறந்து போட்டா குளிராதா?"

"அது காத்தோட்டம்" என்றாள் ஹெட்விக். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

ஃபால்கோவின் பார்வை ஜன்னலிலிருந்து இறங்கி, ஹீட்டருக்கு வந்து, அதற்குப் பக்கத்தில் நின்ற இயந்திரத்தின் காலுக்கு வந்தது. மண்டியிட்டு, காலுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் கட்டை மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஃப்ராவ் லூயர்ஸ், கொஞ்சம் இங்க கைய வையுங்க."

"எதுக்கு?"

"வெச்சுப் பாருங்களேன்."

அவளுக்கு முழங்கால் வலி உண்டு, முனகிக்கொண்டே குனிந்தாள். கட்டை ஐஸாக இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கால் அறையின் சூட்டிலேயே இருந்தது. பிளாஸ்டிக் குளிர்ந்தால் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அது சுருங்கினால் அதன் மேல் நிற்கும் பெட்டி சாயும், பெட்டி சாய்ந்தால் உள்ளே இருக்கும் படிகமும் சாயும்; குழாய் தனிக் கால்களில் நிற்பதால் அது மட்டும் அசையாது. திருகை யாரும் தொட வேண்டாம், கோணம் தானாக நிமிரும். மதியத்துக்குள் அறை சூடாகி, சாயங்காலம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தரையில் குனிந்தபடியே இருந்தாள் ஹெட்விக். "தினமும் நான்தான் தெறப்பேன்" என்றாள், யாருக்கோ சாட்சி சொல்வது போல.

"இன்னிக்கு நானும் தெறந்தேன்" என்றார் ஃபால்கோ. "யோசிக்கக்கூட இல்ல."

"வேலைக்கு வந்ததும் என்ன செஞ்சீங்கன்னு யாராவது கேட்டிருந்தா, ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "அது பொய்யில்ல."

"எனக்குத் தெரியும். நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலைத் திறக்கவில்லை. அது ஹெட்விக்குக் குளிக்காமல் வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டே அளந்தாள். சாயங்கால எண்ணே வந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக ஓல்ட்மான்ஸின் அறைக்குப் போனாள். இந்தத் தடவையும் கதவைச் சாத்தவில்லை.

"நான் சொன்னதுல பாதி சரி, பேராசிரியர். காலையில யாரோ கோணத்த மாத்தறாங்கன்னு சொன்னேன். மாத்தினாங்க. அந்த யாரோ நான்தான்." ஜன்னல் கதையைச் சொன்னாள், ஒன்று விடாமல். "அவர் கை அதுல படவே இல்ல. நீங்க கையெழுத்துப் போடலாம்."

"நல்லது" என்றார் ஓல்ட்மான்ஸ்.

"ஆனா ஒண்ணு. இயந்திரத்த ஜன்னல் பக்கம் நகர்த்தி, அந்தப் பிளாஸ்டிக் கட்டைய வைக்கச் சொன்னது யாருன்னும் விசாரிக்கணும்."

"நான்தான்" என்றார் ஓல்ட்மான்ஸ்.

"அப்படியா" என்றாள் ஹெட்விக். அதை அவள் எங்கேயோ முடிந்து வைத்துக்கொண்டாள் என்று அந்தக் குரலிலிருந்தே தெரிந்தது.

ஒப்பந்தத்தை நான்தான் தட்டெழுதினேன். ஃபால்கோ கையெழுத்திட்டதும் என் போனிலேயே லைப்சிக்குக் கூப்பிட்டார். நான் காபி போடுகிற சாக்கில் வெளியே போனேன். ஹெட்விக் போகவில்லை; கதவருகே நின்று கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு வந்து, "நிஜமாவே மனைவிதான்" என்றாள்.

அவர் குடும்பம் ஏப்ரலில் வந்தது. ஹெட்விக் ஒருநாள் எனக்கு ஒரு புதுச் சிவப்புப் புட்டி வாங்கிவந்து மேசையில் வைத்தாள். பழையதில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அவள் தன் இழுப்பறையை எப்போதும்போலப் பூட்டினாள். ஃபால்கோவிடம் அவள் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, அவர் இழுப்பறையும் பூட்டியேதான் இருந்தது.

பிளாஸ்டிக் கட்டையை எடுத்துவிட்டு இரும்பு வைத்தார்கள். ஆனாலும் காற்றோட்டம் விடுகிற வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டாள் ஹெட்விக். அளந்து முடித்ததும் ஃபால்கோ இரண்டு ஜன்னலையும் திறந்து, நன்றாகக் காற்று விட்டுச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் அவள் வருவாள். ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்து, விளக்குப் போடாமல், வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சுவாள்.

"நேத்து அவர் ஒழுங்காத் தெறக்கல" என்று காபி மேசைக்கு வந்து சொல்வாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பம்ப் எண்ணெய் வாசனை போகல. சும்மா தெறந்து உடனே சாத்தியிருக்கார்."

அப்புறம் கோப்பையோடு உள்ளே வரும் ஃபால்கோவிடம், நேற்று சரியாகத் திறந்தாரா என்று நான் கேட்பேன். அவர் ஹெட்விக்கைப் பார்ப்பார், கோப்பையைப் பார்ப்பார். "நேத்து பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்பார்.